தினமும் வேதம் வாசித்தும் நான் மாறவில்லையே, என்ன செய்வது?

கேட்டிருப்பவர் ஒரு சகோதரி. 15 வருஷமாகத் தினமும் காலையில் வேதம் வாசிக்கிறார். ஆதியாகமத்தில் ஆரம்பித்து வெளிப்படுத்தல் வரை நாலு தடவை முடித்திருக்கிறார். வசனங்கள் நிறைய மனப்பாடம். ஆனால் ஞாபகம் மங்கிக்கொண்டு வரும் அம்மா ஒரே கேள்வியை ஐந்தாவது முறை கேட்டால் எரிந்து விழுகிறார். அலுவலகத்தில் இன்னும் முடிக்காத வேலையை முடிந்துவிட்டதாகச் சொல்லிவிடுகிறார். "வாசிக்கிறது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று இருக்கிறது. வசனத்தை அன்றாட வாழ்க்கையில் எப்படிக் கைக்கொள்வது?" இதுதான் அவர் கேள்வி.

சகோதரி, இந்தக் கேள்வி உங்களை உறுத்துகிறதே, அதற்காக முதலில் சந்தோஷப்படுகிறேன். யாக்கோபு தன் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் ஒருவனைக் காட்டுகிறார். கண்ணாடியில் முகம் பார்க்கிறான், அந்த இடத்தை விட்டுப் போனதும் தன் முகம் எப்படி இருந்தது என்பதையே மறந்துவிடுகிறான். வசனத்தைக் கேட்டுவிட்டு அதன்படி செய்யாதவன் அவனைப் போல என்கிறார். நீங்கள் மறக்கவில்லை. முகத்தில் அழுக்கு இருப்பது தெரிந்து, கண்ணாடி முன்னாலேயே நின்றுகொண்டிருக்கிறீர்கள். 15 வருஷம் வாசித்தது வீண் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்த வாசிப்பு இல்லாவிட்டால் இந்த உறுத்தலே வந்திருக்காது.

வாசிப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் இவ்வளவு தூரம் எப்படி வந்தது? உபாகமம் 6:4-ல் "இஸ்ரவேலே, கேள்" என்று வருகிறது. அந்த எபிரெயச் சொல் 'ஷமா'. 1 சாமுவேல் 15:22-ல் பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்று சாமுவேல் சவுலிடம் சொல்கிறாரே, அங்கே 'கீழ்ப்படிதல்' என்று நாம் வாசிக்கும் இடத்திலும் மூலத்தில் இருப்பது அதே ஷமாதான். எபிரெயத்தில் கேட்பதும் கீழ்ப்படிவதும் ஒரே வார்த்தை. இதைத் தமிழருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. "பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கவே மாட்டேங்கிறான்" என்று ஒரு தாய் சொன்னால், அவனுக்குக் காது மந்தம் என்று யாரும் நினைப்பதில்லை. வீட்டில் அந்தச் சொல்லை எப்போதுமே அப்படித்தான் புழங்குகிறோம். வேதப் புத்தகத்தைத் திறந்ததும் மட்டும் 'கேள்' என்பது காதோடு நின்றுவிடுகிறது.

'கைக்கொள்ளுதல்' என்ற சொல்லையும் பாருங்கள். அதில் கை இருக்கிறது. வசனம் கைக்கு வர வேண்டும்.

சரி, எப்படி வரும்? இத்தனை வருஷம் வேத பாடம் நடத்தியதில் எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொல்கிறேன். வசனத்தில் ஒரு ஆள் நிற்கிறார். அவரைக் கண்டுபிடியுங்கள். உங்கள் வாழ்க்கையில் அந்த ஆளுக்கு என்ன பெயர், இன்றைக்கு எத்தனை மணிக்கு அவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். "இந்த வசனம் எனக்கு என்ன சொல்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் பதிலாக ஒரு உணர்ச்சிதான் வருகிறது. "இந்த வசனம் என்னை யாரிடம் அனுப்புகிறது?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு முகம் வரும்.

இதை நான் கற்றுக்கொண்டது லேவியராகமம் 19-ல். பலரும் வேகமாகத் தாண்டிப் போகிற புத்தகம் அது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்று இயேசு சொன்னது எல்லாருக்கும் தெரியும். அவர் அதை எடுத்தது லேவியராகமம் 19:18-லிருந்து. அந்த வரியைத் தனியே பார்த்தால் பெரிய, அழகான, யாரையும் ஒன்றும் செய்யச் சொல்லாத வாக்கியம் போலத் தெரியும். அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். வயலை அறுக்கும்போது ஓரங்களைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. பொய் சொல்லாதே. கோள் சொல்லித் திரியாதே. தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கட்டும். 13-ஆம் வசனத்தில், "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." அன்பு என்ற பெரிய சொல் வருவதற்கு முன்னாலேயே வயலின் ஓரமும் கூலிக்காசும் வந்துவிடுகின்றன. அந்த அதிகாரத்தில் அன்புக்கு விலாசம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒருமுறை பெயின்ட் வேலை நடந்தது. கடைசி நாள் சாயங்காலம் அந்தப் பெரியவர் பிரஷ்ஷையெல்லாம் கழுவி வைத்துவிட்டு, ஒரு துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார். கையில் பணம் குறைவாக இருந்தது. "மிச்சத்தை நாளைக்கு வாங்கிக்கலாமே" என்றேன். "சரிங்க" என்றார். அந்தத் துணியை நாலாக மடித்தார். மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார். போகவில்லை. அன்றைக்குக் காலையில்தான் நான் லேவியராகமம் 19 வாசித்திருந்தேன், வேத பாடத்துக்காகக் குறிப்புகூட எடுத்திருந்தேன். 'விடியற்காலமட்டும்' என்பதன் கீழே கோடு போட்டதும் ஞாபகம் இருக்கிறது. வங்கியில் பணம் இருந்தது. ஏடிஎம்முக்குப் போய் வர எனக்குச் சோம்பல், அவ்வளவுதான். காலையில் கோடு போட்ட வசனம் சாயங்காலம் என் வாசலில் துணியை மடித்துக்கொண்டு நின்றது. போய் எடுத்துவந்து கொடுத்தேன். ஒருநாள் தாமதம் யாரையும் கொன்றுவிடாது என்று நமக்குத் தோன்றும். ஆனால் அன்றாடங்காய்ச்சிக்கு அந்த ராத்திரி சாப்பாடு அதில் இருக்கிறது. யாக்கோபு 5:4-ல் பிடித்துவைக்கப்பட்ட கூலி தானே கூக்குரலிடுகிறது என்று வரும். மோசே எழுதிய அதே வரியைத்தான் யாக்கோபு சபைக்கு முன்னால் மறுபடி எடுத்து வைக்கிறார்.

அப்புறம், மொழி சம்பந்தமாக ஒரு யோசனை. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு எனக்கு உயிர். அதன் நடையும் ஓசையும் மனப்பாடத்துக்கு அவ்வளவு வசதி. ஆனால் அந்த ஓசையே சில சமயம் வசனத்தைக் கோயிலுக்குள் நிறுத்திவிடுகிறது. "யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள்" என்று யாக்கோபு 1:19 சொல்கிறது. இதை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே ஒருவர் மேல் கத்த முடியும். நானே செய்திருக்கிறேன். வசனத்தை வாசித்த பிறகு, உங்கள் வீட்டில் பேசுகிற பேச்சில் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "அவங்க சொல்லி முடிக்கட்டும். உடனே வாயைத் திறக்காதே. கோபம் வந்தா கொஞ்சம் பொறு." இப்படிச் சொன்னதும் அது உங்கள் அம்மா உங்களுக்குச் சின்ன வயதில் சொன்னது போலவே இருக்கும். தப்பிக்க இடம் இருக்காது. 'கற்பனைகள்' என்று வரும் இடத்தில் 'கட்டளைகள்' என்று படியுங்கள். இன்றைய தமிழில் கற்பனை என்றால் மனதில் நினைத்துப் பார்ப்பது, இளம் பிள்ளைகள் அப்படியே புரிந்துகொள்கிறார்கள். தியானம் என்ற சொல்லுக்கும் இது பொருந்தும். முதல் சங்கீதத்தில் இரவும் பகலும் தியானிக்கிறவன் என்று வரும் இடத்தில் இருக்கிற எபிரெயச் சொல்லுக்கு, வாய்க்குள் முணுமுணுப்பது என்று அர்த்தம். ஏசாயா 31:4-ல் இரையைப் பிடித்துக்கொண்டு உறுமுகிற சிங்கத்துக்கும் அதே சொல்தான். கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்தால்தான் தியானம் என்றில்லை. பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அந்த ஒரு வரி வாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தால் போதும்.

அதனால் ஒரு நாளைக்கு இத்தனை அதிகாரம் என்று கணக்கு வைத்திருந்தால் அதைச் சில மாதத்துக்கு நிறுத்தி வையுங்கள் என்பேன். ஒரு பகுதி, ஒரு ஆள், ஒரு செயல். செய்து முடிக்கும்வரை அதே பகுதி. மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை.

இந்த வழியில் போனால் சில வசனங்கள் உங்களை எழுப்பி நிறுத்தும். மத்தேயு 5:23, 24 என்னை அப்படி நிறுத்தியது. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்திருக்கிறாய், "உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று" அங்கே நினைவு வருகிறது, காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு, பிறகு வா என்கிறார் இயேசு. இதைப் பல வருஷம் நான் தலைகீழாக வாசித்தேன். எனக்கு யார்மேல் குறை இருக்கிறது என்று தேடுவேன், மனதுக்குள்ளேயே அவர்களை மன்னிப்பேன், எழுந்து போய்விடுவேன். வசனம் அதைச் சொல்லவில்லை. என்மேல் யாருக்குக் குறை இருக்கிறது? அதை மனதுக்குள் தீர்க்க முடியாது, எழுந்து நடக்க வேண்டும். இயேசு இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேமில், நூறு கிலோமீட்டருக்கும் மேல், மூன்று நாள் நடை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தத் தூரம் காலில் தெரியும். மூன்று நாள் நடந்து வந்தவன் ஆட்டையோ புறாவையோ விட்டுவிட்டு மறுபடி மூன்று நாள் நடந்து ஊருக்குப் போக வேண்டும், சமாதானமாகித் திரும்பி வர வேண்டும். தேவன் தம்முடைய காணிக்கையையே காத்திருக்க வைக்கிறார்.

அந்த வாசிப்பு எனக்குப் புரிந்த அன்று ஒரு முகம் வந்தது. என்னோடு வேலை பார்த்த ஓர் இளைஞன். முந்தின வாரம் ஒரு கூட்டத்தில், பத்துப் பேர் முன்னால் அவன் தயாரித்த கணக்கைக் கேலி செய்திருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், காது மட்டும் சிவந்துவிட்டது. நான் அதைப் பார்த்தேன், பார்த்ததை மறந்தும் இருந்தேன். அவன் மேஜைக்குப் போய், "அன்னைக்கு நான் பேசினது தப்பு. எல்லாருக்கும் முன்னால அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிடு" என்றேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பரவாயில்ல சார்" என்றான், தட்டச்சு செய்துகொண்டே இருந்தான். அவ்வளவுதான். கட்டிப்பிடிப்பும் கண்ணீரும் ஒன்றும் இல்லை. ஏதோ குறையாக இருந்தது, திரும்பி வந்து உட்கார்ந்தேன். மூன்று வாரம் கழித்து, எல்லாரும் போன பிறகு அவன் என் அறைக் கதவருகே வந்து நின்றான். இரண்டு மாதமாக ஒரு தவற்றை மறைத்து வைத்திருப்பதாகவும், என்னிடம் சொல்லப் பயந்ததாகவும் சொன்னான். உட்கார்ந்து இருவரும் சரிசெய்தோம். பலன் உடனே தெரியாவிட்டால் வசனம் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். பலன் என் பொறுப்பும் அல்ல. அவன் வராமலே இருந்திருந்தாலும் நான் அவன் மேஜைக்குப் போனது போனதுதான்.

இன்னொரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும், நம்மில் பலருக்கும் இது உண்டு. வாக்குத்தத்த வசனங்களை மட்டும் பொறுக்கி எடுப்பது. எரேமியா 29:11 எத்தனை சுவர்களில் தொங்குகிறது! தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகள். அருமையான வசனம்தான். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தின் நடுவில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது, கடிதத்தை வாசித்தவர்களில் அநேகர் திரும்பி வரப்போவதில்லை. அதற்கும் முன்னால், 5 முதல் 7 வரை, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் செய்யுங்கள் என்று கட்டளைகள். கைக்கொள்ள வேண்டியது ஐந்தாம் வசனத்தில் இருக்கும்போது பதினோராம் வசனத்தை மட்டும் எடுத்து மாட்டிவிடுகிறோம். புதிய ஏற்பாட்டில் நாம் பயன்படுத்தும் வசன எண்கள் 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் போட்டவை. தேடுவதற்குச் சௌகரியமான எண்கள், எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு அவை அளவு அல்ல. ஒரு வசனம் பிடித்தால் மேலே பத்து வசனம், கீழே பத்து வசனம் வாசியுங்கள். செய்ய வேண்டியது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதை அழுத்திச் சொல்கிறேன். வசனத்தைக் கைக்கொள்வது என்ற பெயரில் அடி வாங்கிக்கொண்டு இருக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மறுகன்னத்தைக் காட்டு என்ற மத்தேயு 5:39 பழிவாங்குவதைத் தடுக்கிறது. வீட்டில் தினம் அடிபடுகிற ஒருவரை அங்கேயே இரு என்று அது கட்டிப்போடவில்லை. அதைச் சொன்ன இயேசுவே பிரதான ஆசாரியன் முன்பாக ஒரு சேவகன் அறைந்தபோது, "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். யோவான் 18:23-ல் இருக்கிறது. பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார். எருசலேமில் சாட்டையால் அடிக்கக் கட்டினபோது தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லி நிறுத்தினார். ஆபத்தில் இருப்பவர் பாதுகாப்பான இடத்துக்குப் போவதும் சட்டத்தின் உதவியைக் கேட்பதும் விசுவாசக் குறைவு அல்ல. மன்னிப்பதைத் தூரத்திலிருந்தும் செய்யலாம்.

கிருபையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்படி 'செய், செய்' என்று சொன்னால் இது கிரியையினால் இரட்சிப்பு, அதாவது நம் செயல்களால் மீட்பைச் சம்பாதிப்பது, ஆகிவிடாதா என்று கேட்பார்கள். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1522-ல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றே எழுதினார். அதே லூத்தர் அதே வருஷம் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, சும்மா இருக்க அதற்குத் தெரியாது, நற்கிரியை செய்ய வேண்டுமா என்று கேட்பதற்குள் அது செய்திருக்கும் என்ற கருத்தையும் எழுதினார். எபேசியர் 2:8, 9-ஐ மனப்பாடம் செய்திருக்கிறவர்கள் பத்தாவது வசனத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை. கிரியைகளினால் அல்ல என்று சொன்ன கையோடு, நற்கிரியைகளைச் செய்யவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறார் பவுல். செய்து தேவனுடைய பிள்ளையாக வேண்டியதில்லை. பிள்ளையாக இருப்பதால் செய்கிறோம். இது தெரியாவிட்டால், தவறுகிற ஒவ்வொரு நாளும் உங்களுக்குத் தீர்ப்பு நாளாகிவிடும்.

இனி உங்கள் இரண்டு காரியத்துக்கு வருகிறேன்.

அலுவலகப் பொய் எளிது. செய்வதற்கு எளிதல்ல, சொல்வதற்குத்தான். லூக்கா 3-ல் ஜனங்கள் யோவான் ஸ்நானகனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள், ஏறக்குறைய உங்கள் கேள்வியேதான். வரி வசூலிக்கிறவர்களிடம் வேலையை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. விதித்ததற்கு மேலே ஒன்றும் வாங்காதே என்றார். அந்தந்த வேலையில் எங்கே தப்பு நுழைகிறதோ, அந்த ஓட்டையில் கையை வைத்தார். உங்கள் ஓட்டை 'முடிந்துவிட்டது' என்ற ஒரு சொல். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய வாக்கியத்தை இன்றைக்கே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் முடியவில்லை, வியாழக்கிழமை தருகிறேன்." கேட்கும் நேரத்தில் யோசித்தால் பழைய சொல்தான் வாயில் வரும்.

அம்மா விஷயம் அப்படியல்ல. அதற்கு மறுபடி லேவியராகமம் 19-க்கே வருவோம். 14-ஆம் வசனத்தை நான் மேலே வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன். செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்காதே. செவிடனுக்கு நீங்கள் திட்டுவது கேட்கவே கேட்காது. அவனுக்கு வருத்தமும் இல்லை. அப்புறம் ஏன் கூடாது? தேவனுக்குப் பயந்திரு, நான் கர்த்தர் என்று அந்த வசனம் முடிகிறது. அவனுக்குக் கேட்காததை அவர் கேட்கிறார். உங்கள் அம்மா, நீங்கள் எரிந்து விழுந்ததைப் பத்து நிமிஷத்தில் மறந்துவிடுவார். அந்த மறதிதான் உங்களுக்குத் துணிச்சல் கொடுக்கிறது என்று நினைக்கிறேன். கடுமையாகச் சொல்லவில்லை, களைத்துப்போன எல்லாருக்கும் இது நடக்கும். அதே அதிகாரம் 32-ஆம் வசனத்தில், நரைத்தவனுக்கு முன்பாக எழுந்து, முதிர்வயதுள்ளவன் முகத்தைக் கனம்பண்ணு என்று வருகிறது. அதுவும் தேவனுக்குப் பயந்திரு என்றுதான் முடிகிறது. எழுந்து நிற்பதும் முகத்தைப் பார்ப்பதும் உடம்பால் செய்கிற காரியங்கள். பொறுமையான மனசு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது முறை அந்தக் கேள்வி வரும்போது கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். திரும்புங்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்து, முதல் தடவை கேட்டது போலவே பதில் சொல்லுங்கள். கேட்கிற அவருக்கு அது முதல் தடவைதான். ஒரு வாரம் இதை மட்டும் செய்யுங்கள், வேறு எந்தத் தீர்மானமும் வேண்டாம். நாள் முழுவதும் நீங்கள் ஒருவரே பார்த்துக்கொள்வதாக இருந்தால், வாரத்தில் ஒரு சில மணி நேரமாவது கூடப்பிறந்தவர்களையோ சபையில் ஒருவரையோ உட்காரச் சொல்லிக் கேளுங்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிற கலாத்தியர் 6:2-ஐ அவர்களும் கைக்கொள்ள வேண்டும், அதற்கு நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டும்.

சில நாள் தவறும். அன்றைக்குப் படுக்கும் முன், சங்கீதம் 4:4 சொல்கிறபடி படுக்கையிலே உங்கள் இருதயத்தோடு பேசிப் பாருங்கள், எந்தக் கேள்வியில், எத்தனை மணிக்கு, என்ன சொன்னீர்கள் என்று. அம்மா விழித்திருந்தால் எழுந்து போய் மன்னிப்புக் கேளுங்கள். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. "எதுக்கும்மா?" என்று கேட்பார். இருந்தாலும் கேளுங்கள்.